ஊசி இருக்கட்டும், நாடித்துடிப்பு எவ்வளவு?

கேள்வி: எங்களிடம் 11 வயதுப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. நிறத்தை வைத்துச் செவலை என்றே கூப்பிடுகிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் இரவு தீனியைத் தொடாமல், காலால் தரையைப் பறித்துக்கொண்டும் அள்ளைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் நின்றது. பிறகு படுத்துப் புரள ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் வந்தார். வந்தவர் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார், எனக்கோ பதைபதைப்பு. அப்புறம் மூக்கு வழியாகக் குழாய் விட்டார், பின்வழியாகக் கை விட்டுப் பார்த்தார், ஓர் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் குதிரை சரியாகிவிட்டது. எட்டு நாள் கழித்து மறுபடி லேசாக அதே மாதிரி. அவர் வந்து சேர்வதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. அவரோ வயிற்றை விட்டுவிட்டு, ‘பல்லைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் ஒதுக்குங்கள்’ என்கிறார். குதிரை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அந்த ஊசி மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு நீயே போட்டுவிடலாமே என்கிறார். போடலாமா? வலி வந்தால் புரள விடாமல் நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உண்மையா? தீனியைச் சிந்திச் சிந்தித் தின்னும் என்பதைத் தவிர அதற்கு வேறு ஒரு குறையும் கிடையாது. இரண்டு மாதம் முன்புவரை மேய்ச்சலில் இருந்தது, இப்போது லாயத்தில் கட்டி வைத்திருக்கிறோம்.

பதில்:

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்களாகப் போடாதீர்கள்.

மருந்தில் குறை ஒன்றும் இல்லை. அன்று இரவு போட்டது அநேகமாக ஃப்ளூனிக்ஸினாக இருக்கும். குதிரைக்கு வயிற்று வலி என்றால் எங்கள் கை பையில் முதலில் தேடும் மருந்துகளில் அது ஒன்று. 8 மணி நேரம், சில குதிரைகளில் 12 மணி நேரம்கூட வலியை அமுக்கி வைக்கும். வம்பே அதில்தான். வயிற்றுக்குள் நடப்பதை வெளியே வந்து முதலில் சொல்கிற ஆள் வலி. அந்த ஆளின் வாயைக் கட்டிவிட்டால், உள்ளே குடல் வெறும் காற்றில் உப்பியிருக்கிறதா, இல்லை முறுக்கிக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டிய நேரம் கைநழுவிப் போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு ஆண் குதிரை, இரவு 8 மணிக்கு வலி என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்து இதே ஊசியைப் போட்டேன். 11 மணிக்கு மறுபடி போன். உரிமையாளர் அழாத குறை. பார்க்கச் சகிக்காமல் இன்னொரு ஊசியும் போட்டேன். குதிரை அடங்கியது, நானும் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். விடியற்காலை போனால், குதிரை அமைதியாகத்தான் நிற்கிறது. நாடித்துடிப்பு 88. ஈறு கத்தரிப்பூ நிறம். சிறுகுடலின் ஒரு பகுதி முறுக்கி, ரத்தம் ஓடாமல் பல மணி நேரம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்க வேண்டிய நேரம் முந்தின இரவு 11 மணி. அந்த நேரத்தில் நான் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சரியான அளவில் மருந்து போட்ட பிறகும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி திரும்புகிறது என்றால், அதுவே பெரிய தகவல். ‘மருந்து போதவில்லை’ என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பது மருந்தால் தீருகிற சமாச்சாரம் இல்லை என்று குதிரை சொல்கிறது. வீட்டில் ஒருவர் மாலையில் ஓர் ஊசி, இரவில் ஓர் ஊசி என்று போட்டுவிட்டு நள்ளிரவில் எங்களைக் கூப்பிட்டால், இந்தத் தகவல் எங்களுக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

ஊசி போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. இந்த மருந்தை ரத்த நரம்பில்தான் ஏற்ற வேண்டும். சதையில் போட்டால், அந்த இடத்தில் காற்றில்லாமல் வளரும் கிருமி பிடித்துக்கொண்டு கழுத்துச் சதையே அழுகிப்போகலாம். உயிருக்கே ஆபத்தான தொற்று அது. சரி, நரம்பில் போடலாம் என்றால், குதிரையின் கழுத்தில் அந்தப் பெரிய நரம்புக்கு வெகு அருகிலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் ஓடுகிறது. தவறி அதில் ஏற்றிவிட்டால், ஊசியை உருவுவதற்குள் 500 கிலோ குதிரை வலிப்பு வந்து உங்கள் மேலேயே விழும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்று பழமொழி இருக்கிறதே, அந்தக் கதையாகிவிடும். அடுத்தடுத்துப் போட்டால் இரைப்பைப் புண், குடல் புண். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் போட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு.

மருத்துவர் வந்து சேரவே மூன்று மணி நேரம் ஆகும் என்கிற தூரத்தில் இருப்பவர்களுக்கு, வாய்வழியாகக் கொடுக்கும் பசை மருந்து ஒன்றை அவரே கொடுத்து வைப்பதுண்டு. அதையும் போனில் அவரிடம் பேசி, நாடித்துடிப்பைச் சொல்லி, அவர் ‘கொடு’ என்ற பிறகுதான் கொடுக்க வேண்டும்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். குதிரை மருத்துவத்தில் இந்த வலியைக் கோலிக் என்கிறோம். அது நோயின் பெயர் கிடையாது, வெறும் அடையாளம். நமக்குக் காய்ச்சல் மாதிரி. காரணம் இருபது இருக்கலாம்.

குதிரையின் வயிற்றைப் போல ஒரு விசித்திரமான அமைப்பைப் பார்ப்பது கடினம். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் கோணமும் அங்கே இருக்கும் தசை வளையத்தின் இறுக்கமும் சேர்ந்து, குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாதபடி செய்துவிட்டன. உள்ளே போனது கீழ்நோக்கித்தான் போயாக வேண்டும். அதற்கப்புறம் 20 மீட்டருக்கு மேல் சிறுகுடல், ஒரு தொங்கு மெத்தையைப் போல அதிகம் கட்டுப்பாடில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதன் பிறகு சுமார் 30 லிட்டர் கொள்ளும் குருட்டுக்குடல். அதற்கும் பிறகு 80 லிட்டர் அளவுக்குப் பெருங்குடல். புல்லை நொதிக்க வைக்கும் தொட்டி இந்தக் கடைசி இரண்டும்தான். இந்தப் பெருங்குடல் வயிற்றுக்குள் அடங்குவதற்காக மடித்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இடுப்புக்கு அருகே இடது பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு. அகலமான குடல் அந்த இடத்தில் சட்டென்று குறுகுகிறது. சரியாக மெல்லாத நாரும் குறைந்த தண்ணீரும் ஒன்று சேர்ந்தால் அடைப்பு விழும் இடம் பெரும்பாலும் அதுதான். அந்த வளைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செவலைக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

எவ்வளவு உயர்ந்த குதிரையானாலும் வயிறு ஒன்றுதான். 18-ஆம் நூற்றாண்டில் எக்லிப்ஸ் என்று ஒரு பந்தயக் குதிரை இங்கிலாந்தில் இருந்தது. 18 பந்தயங்களில் ஓடி ஒன்றில்கூடத் தோற்காத குதிரை. 1789-ல், 24 வயதில், அது இறந்தது இந்த வயிற்று வலியால். அதன் உடலை அறுத்துப் பார்த்து அளந்து எழுதியவர் சார்லஸ் வியால் தெ சான்பெல், பிரான்சிலிருந்து வந்தவர். இரண்டு வருடம் கழித்து, 1791-ல், லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர் அவர்தான். அவர் படித்த லியோன் பள்ளியை 1761-ல் நிறுவிய க்ளோத் பூர்ஷெலா அதற்கு முன்பு குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி குதிரைக்காரர் ஒருவர் கையால் உருவானது என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

மூக்கில் விட்ட குழாய்க்கு வேலை இப்போது புரியும். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு அந்தக் குழாய்தான் வாந்தி. சிறுகுடலில் எங்காவது அடைத்துக்கொண்டால் சுரக்கும் நீரெல்லாம் பின்னோக்கி வந்து இரைப்பையில் தேங்கும். வெளியே எடுக்காவிட்டால் இரைப்பை வெடித்துவிடும். அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குழாய் வழியே 2 லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் சிறுகுடலில் கோளாறு என்று சந்தேகப்படுவோம். ஒன்றும் வராவிட்டால், அதே குழாய் வழியே தண்ணீரும் உப்பும் உள்ளே அனுப்பி அடைப்பை நனைக்கலாம். குழாயைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: யார் என்ன சொன்னாலும் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி வாயில் புகட்டாதீர்கள். மலமிளக்கிக்கான பாரஃபின் எண்ணெய்க்கு ருசியும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் குதிரை இருமக்கூட இருமாது. நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பின்வழியாகக் கை விட்டது, கையால் எட்டுகிற அளவுக்குக் குடலைத் தொட்டுப் பார்க்க. வயிற்றில் பின்பக்கத்து 40 சதவீதம் போலத்தான் கைக்கு எட்டும். நான் சொன்ன அந்தக் கொண்டை ஊசி வளைவு நல்லவேளையாக எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அடைப்பு இருந்தால் பிசைந்த மாவை உறைக்குள் திணித்ததுபோலத் தட்டுப்படும். எங்களுக்கு மிகவும் பயம் தரும் சோதனையும் இதுதான். குதிரை திமிறினால் மலக்குடல் கிழியலாம். கிழிந்தால் குதிரையை இழக்க நேரிடும். அதனால் சில குதிரைகளுக்கு மயக்க மருந்து கொடுக்காமல் நான் கை வைப்பதில்லை, சில குதிரைகளுக்கு அந்தச் சோதனையே செய்வதில்லை. உங்கள் மருத்துவரிடம் அன்று அந்த வளைவில் என்ன தட்டுப்பட்டது என்று கேளுங்கள். கட்டாயம் குறித்து வைத்திருப்பார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஐந்து நிமிடத்தைப் பற்றி உங்களுக்கு மனத்தாங்கல் இருப்பது தெரிகிறது. சொல்லப்போனால் அந்த வருகையில் அதுதான் நல்ல பகுதி. குதிரை வேட்டையாடப்படும் இனம். புதிய ஆள் அருகில் வந்தால் வலியை மறைத்துக்கொண்டு காதை நிமிர்த்தி நிற்கும். அதனால் தொடுவதற்கு முன்னால் தள்ளி நின்று பார்க்க வேண்டும். காதுகள் விறைப்பாகப் பின்னால் சாய்ந்திருக்கிறதா, கண்ணின் மேல் மடல் இறுகியிருக்கிறதா, நாசித் துவாரம் விரிந்து இழுபடுகிறதா, தாடைச் சதை கெட்டித்திருக்கிறதா என்று முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் அளவுமுறை ஒன்று 2014-ல் வெளியானது. பழைய லாயக்காரர்களுக்கு இதெல்லாம் பெயர் இல்லாமலே தெரியும். வயிறு எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது, தரையில் லத்தி இருக்கிறதா, சுவரில் உரசிய தடம் எவ்வளவு புதிது, தண்ணீர் வாளி எந்த மட்டத்தில் இருக்கிறது, இதையெல்லாம் அவர் அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்திருப்பார். தீவனத் தொட்டிக்குக் கீழே என்ன சிந்திக் கிடக்கிறது என்பதையும் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அவர் வருவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது ஊசியைவிட நூறு மடங்கு உதவும். எண்களைச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. உடல்வெப்பம் சுமார் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஆனால் இவை புத்தகத்து எண்கள். எனக்கு வேண்டியது செவலையின் எண்கள். அதன் வழக்கம் 30 என்றால் 48 எனக்குக் கவலை. வழக்கம் 42 என்றால் 48-க்கு நான் வண்டியை அவ்வளவு வேகமாக ஓட்ட மாட்டேன். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில், வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எடுத்து லாயச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டினால், ஒரு பென்சில் தடிமனுக்குக் கயிறுபோல நழுவும் தமனி அகப்படும். மெல்ல அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால், கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக் கேட்கலாம். ‘லப்-டப்’ இரண்டும் சேர்ந்து ஒன்று. இதை இரண்டாக எண்ணிவிட்டு ‘டாக்டர், 76’ என்று அலறியவர்கள் உண்டு. போய்ப் பார்த்தால் 38. ஓய்வில் இருக்கும் திடகாத்திரமான குதிரைக்கு அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போவதும் சகஜம், நடக்க வைத்தால் சரியாகிவிடும். அதற்காகப் பதறாதீர்கள். வயிற்று வலியோடு துடிப்பு 60-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் பதற வேண்டும்.

மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈரமாக வழவழவென்று இருக்க வேண்டும். பல்லை ஒட்டிக் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு கோடு தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அப்புறம் இரண்டு அள்ளையிலும், மேலும் கீழும் காதை வைத்துக் கேளுங்கள். வலது மேல் பக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை, தொட்டியில் தண்ணீர் வடிவதைப் போல நீண்ட சத்தம் ஒன்று வரும். குருட்டுக்குடல் தன்னைக் காலி செய்யும் சத்தம். கடமுடவென்று அதிகமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். நிசப்தம்தான் கெட்டது. வெப்பமானியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் முனையை வால் மயிரில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வலியோடு காய்ச்சலும் இருந்தால் கதையே வேறு. தொற்றைத் தேட வேண்டியிருக்கும்.

லத்தி கடைசியாக எப்போது போட்டது என்பதும் முக்கியம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை போடும் குதிரை அரை நாளாகப் போடவில்லை என்றால் அதுவும் ஒரு எண்தான்.

நடத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் இரவு முழுக்கக் குதிரையை இழுத்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விடிந்தால் இருவருமே நிற்க முடியாமல் இருப்பார்கள். குடல் பெரும்பாலும் முதலில் முறுக்கிக்கொள்கிறது, அந்த வலியில்தான் குதிரை புரள்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்துவது நல்லது. காற்றுப் பிடிப்பாக இருந்தால் அதுவே இளகிவிடும். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்க விடுங்கள், அதற்கும் களைப்பு இருக்கும். ஆவேசமாகப் புரண்டால் சுவரில் மோதாத, மணல் அல்லது புல் தரையில் விட்டுவிட்டு நீங்கள் எட்டி நில்லுங்கள். கால்களுக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். தீனியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கட்டும்.

இனி பல். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘தீனியைச் சிந்திச் சிந்தித் தின்னும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.’ நாளைக் காலை தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சிந்தியிருப்பது உதிரியான புல் என்றால் அது வெறும் அசட்டையான தீனி. பாதி மென்று, எச்சிலில் சுருண்டு, சிறு உருண்டைகளாகத் துப்பியது மாதிரி கிடந்தால் அது மெல்ல முடியாமல் வாயிலிருந்து விழுந்தது. அடுத்ததாக லத்தி ஒன்றைப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, நாரைப் பாருங்கள். சில மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய நார், விரல் அகலத்துக்கும் மேல் நீளமாகக் கிடந்தால் உங்கள் மருத்துவர் சொன்னதே சரி.

குதிரையின் கடைவாய்ப் பல் வாழ்நாளில் பெரும்பகுதி மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். அரைக்க அரைக்கத் தேயும், தேயத் தேய வரும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் மேல் பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப் பல்லின் உள் விளிம்பும் தேயாமல் கத்திபோல நிற்கும். மேலே இருப்பது கன்னத்தைக் கிழிக்கும், கீழே இருப்பது நாக்கை. வாயில் புண்ணோடு யார்தான் நன்றாக மெல்லுவார்கள்?

இங்கேதான் உங்கள் கடைசி வரி வந்து சேர்கிறது. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மென்மையானது. காய்ந்த புல்லில் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு போலத்தான், கரடுமுரடானது. செவலைக்குப் பல் கோளாறு இரண்டு மாதத்தில் வந்திருக்காது, வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். மேய்ச்சலில் இருந்தவரை பச்சைப் புல் அதை மூடி மறைத்துவிட்டது. லாயத்துக்கு வந்ததும் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன: தீனி கடினமானது, தீனியோடு சேர்ந்து உள்ளே போன தண்ணீர் போய்விட்டது, நாள் முழுக்க நடந்துகொண்டிருந்த பிராணி நின்றுவிட்டது. குதிரை நடக்காவிட்டால் பெருங்குடலும் சோம்பிவிடும். நீள நாரும் குறைந்த தண்ணீரும் சோம்பிய குடலும் அந்தக் கொண்டை ஊசி வளைவில் போய்ச் சந்திக்கின்றன. கடிதத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்வது கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே உட்கார்ந்து பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதன் மேல்தான் கட்டுவேன்.

பல் பார்க்கும் நாளில் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டி, நெற்றி விளக்கோடு பார்ப்பார். சட்டம் மாட்டாமல் உள்கடைசிப் பற்களைப் பார்க்க வழியே இல்லை. நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு ‘பல் நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். கூர் விளிம்பை மட்டும் அராவினால் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்கத் தேவையில்லை. அரைக்கும் பரப்பில் சொரசொரப்பு இருந்தால்தான் புல் அரைபடும். அதிகமாக அராவிப் பல்லின் உயிர்ப்பகுதியைக் காயப்படுத்தியவர்களும் உண்டு. முடிந்த பிறகு மயக்கம் முழுவதும் தெளியும்வரை தீனி காட்டாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். செவலை வயதுக்கு வருடம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அதுவரை காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊற வைத்துக் கொடுங்கள். 500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். இரண்டு வாளியாக வைத்து, எவ்வளவு குறைந்தது என்று அளவுக்கோடு போட்டுப் பாருங்கள். தானாக நிரம்பும் தொட்டியில் இது தெரியாது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் கூடக் குடிக்கும். தீவனத்தில் 25 முதல் 30 கிராம் உப்பு சேர்க்கலாம். நார்த் தீனி, உலர்ந்த கணக்கில், உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம் போக வேண்டும். இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருப்பதால், காலையும் மாலையும் கொட்டிவிட்டுப் போவதைவிடப் பிரித்துப் பிரித்து நாலைந்து வேளையாகக் கொடுப்பது மேல். தானியம் தேவையா என்றே யோசியுங்கள். தேவையென்றாலும் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். எந்த மாற்றத்தையும், புல் கட்டு மாறுவதைக்கூட, பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மாறிக்கொள்ள அவகாசம் வேண்டும். தினமும் சில மணி நேரமாவது வெளியே விடுங்கள். முழு நாளும் விட முடிந்தால் இன்னும் நல்லது.

குடற்புழு மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு முறை வலி வந்த குதிரை என்பதால் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்கும் பழைய வழக்கம், மருந்துக்கு மசியாத புழுக்களைத்தான் வளர்த்துவிட்டிருக்கிறது. லத்தியைச் சோதித்து முட்டைகளை எண்ணிவிட்டுக் கொடுப்பதுதான் இப்போதைய முறை. நாடாப்புழு அந்த எண்ணிக்கையில் சரியாகத் தெரியாது. சிறுகுடல் குருட்டுக்குடலில் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வலியைக் கிளப்பும் புழு அது. அதற்குத் தனியாக மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். செவலை சினையாக இல்லை என்பதும் உறுதிதானே?

இன்னொரு பேச்சும் இருக்கிறது, யாருக்கும் பிடிக்காத பேச்சு. வயிற்று வலி வரும் குதிரைகளில் பெரும்பாலானவை மருந்திலேயே தேறிவிடும். சிலவற்றுக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அந்த முடிவை இரவு இரண்டு மணிக்கு, கண்ணெதிரே குதிரை புரளும்போது எடுக்க வைப்பது கொடுமை. இப்போதே, அது நன்றாக இருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா, எவ்வளவு செலவு தாங்கும், எங்கே கொண்டுபோவது, எந்த வண்டியில், இரவில் ஓட்டுவது யார். அறுவை சிகிச்சைக்காகக் குதிரைக்கு முழு மயக்கம் கொடுப்பதே நமக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து. மயக்கம் தெளிந்து எழுந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் கால் முறிந்துபோன குதிரைகள் உண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது தப்பான முடிவு ஆகாது. அந்த நிலையில் மேலும் துன்பப்பட விடாமல் உயிரை அமைதியாகப் போக வைப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். முடிவு எதுவானாலும் உங்கள் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அவர் தயங்கி நிற்கும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

உங்கள் நண்பரிடம் கோபப்படாதீர்கள். அவர் குதிரை அந்த ஊசியில் தேறியிருக்கும், அந்த நம்பிக்கையில் சொல்கிறார். அடுத்த முறை வலி வந்தால், கையில் ஊசிக்குப் பதிலாகக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போங்கள். நாடித்துடிப்பு, மூச்சு, ஈற்றின் நிறம், கடைசி லத்தி, இவ்வளவையும் ஒரே மூச்சில் போனில் சொன்னால் போதும். பல் பார்த்த பிறகு முதல் இரண்டு நாள் வாய் வலியில் கொஞ்சம் மந்தமாகத் தின்னும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பத்தாம் நாள் மறுபடி ஒரு லத்தியைக் கரைத்து நாரை அளந்து பாருங்கள். இன்றைக்கு அளந்ததையும் அன்றைக்கு அளந்ததையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.